விபத்துக்குப் பின் தூக்கிவாரிப் போடுகிறதா? வீணாக அலையாமல் இருக்க

எலும்பு கூடிவிட்டது, தையலும் பிரித்தாயிற்று. ஆனால் குக்கர் விசில் அடித்தாலே உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. மதுரையில் யாரிடம் சொன்னாலும் முதலில் காது டாக்டரைக் காட்டுவார்கள், அடுத்து இதய டாக்டரை. ஆடியோகிராம், ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல் என்று வரும். கடைசியில் "ஒண்ணுமில்ல, தைரியமா இருங்க" என்பார்கள். அந்த வார்த்தையை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. சத்தத்துக்குத் திடுக்கிடுவது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல். தைரியம் வருவதற்குள் கண் மூடித் தோள் உயர்ந்து முடிந்திருக்கும். டெஸ்ட் எடுப்பதென்றால் உருப்படியானது தைராய்டு மட்டும்தான். அது கூடினாலும் படபடப்பும் கைநடுக்கமும் வரும்.

மந்திரிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கண்ணை மூடச் சொல்லி முகத்தில் தண்ணீர் விசிறுவார்கள். திடுக்கிடுகிற ஆளுக்கு அதுவே போதும்!

போக வேண்டியது மனநலப் பிரிவுக்கு. அங்கே டிஸ்சார்ஜ் சம்மரி கேட்பார்கள். தலையில் அடியா, எவ்வளவு நேரம் நினைவில்லை, சிடி ஸ்கேனில் என்ன வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். ஒரிஜினல் இன்சூரன்சுக்குப் போயிருக்கும். ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டால் ரெக்கார்டு செக்ஷன்காரர் "எங்ககிட்ட நகல் இல்ல" என்று கைவிரிப்பார். கொடுப்பதற்கு முன்பே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

டாக்டரிடம் "பயமா இருக்கு" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு வெளியே வந்துவிடுவீர்கள். எந்தச் சத்தம், படபடப்பு அடங்க எத்தனை நிமிடம், தூக்கம் எப்படி, கெட்ட கனவு வருகிறதா, விபத்து நடந்த ரோட்டைத் தவிர்க்கிறீர்களா என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனப் பாதிப்பு என்று முடிவு செய்ய அது முக்கியம். அல்பிரசோலம் வகைப் பதற்ற மாத்திரை உடனே அடக்கும், ஆனால் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் திடுக்கிடல் முன்பைவிட மோசமாகும். மனச்சோர்வுக்கும் கொடுக்கிற செர்ட்ராலின் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் பதற்றம் கொஞ்சம் கூடலாம். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையோடு விடாமல், அதிர்ச்சிக்கென்றே உள்ள பேச்சு சிகிச்சை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். நேரில் போகத் தயக்கமா, அரசின் மனநல உதவி எண் 14416 (டெலிமானஸ்) இருக்கிறது. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள்.

பைக்கைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். கப்பலூர் பக்கம் நாலுவழிச்சாலையில் பின்னால் ஏர்ஹாரன் அடித்தால் கை தன்னால் முன்பிரேக்கை இறுக்கும், வண்டி வாரிவிடும். டவுன் பஸ்ஸே மேல்.

காதடைப்பானை நாள் முழுக்க மாட்டாதீர்கள். காது இன்னும் கூசும். சாவு ஊர்வல வேட்டு, மாட்டுத்தாவணி நெரிசல் போன்ற இடங்களுக்கு மட்டும் போதும். டீ, காபியைக் குறையுங்கள். சரக்கு ராத்திரி அமைதி தருவதுபோல் இருக்கும், போதை இறங்கியதும் இரட்டிப்பாக வாங்கும். வீட்டில் யாரும் பின்னால் வந்து தொடக்கூடாது. முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். துள்ளுவதைப் பார்த்துச் சிரிக்கிற மச்சான்மார்களையும் அடக்கி வையுங்கள். தீபாவளிக்கு அரசு ஒதுக்குகிற நேரம் காலை 6-7, இரவு 7-8. நம்மூரில் அதை நம்பி வெளியே கிளம்ப முடியாது.

விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்தால் ஓபி சீட்டு, மாத்திரை பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எலும்பு டாக்டர் தரும் ஊன சதவீதத்தில் இந்த மனப் பாதிப்பு சேராது. மனநல டாக்டரிடம் தனியாக எழுதி வாங்கி, வக்கீலிடம் ஆரம்பத்திலேயே கொடுத்துவிடுங்கள்.