ஒரே சிப்பி, இரண்டு படிகங்கள்

ஜனவரி 9
மேடம் கொடுத்த முத்துச்சிப்பி ஓட்டை உடைத்து, உடைந்த விளிம்பை லென்சில் பார்த்தேன். வெளிப்பக்கம் சின்னச் சின்னத் தூண்களை நெருக்கி நிறுத்தியது போல இருக்கிறது. உட்பக்கம் அரை மைக்ரான் தடிமனுள்ள வில்லைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பளபளப்பு. இரண்டுமே கால்சியம் கார்பனேட்தான், ஆனால் அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு: வெளியே இருப்பது கால்சைட் என்ற படிகம், உள்ளே இருப்பது அரகோனைட் என்ற படிகம். ஒரே உயிர், ஒரே கடல்தண்ணீர். எங்கே எது வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதமும் கைட்டினும் (இறால் ஓட்டில் இருக்கும் நார்ப்பொருள்) உட்பக்கத்து முத்தடுக்கின் எடையில் நூற்றுக்கு ஐந்து தேறினால் அதிகம். என் ப்ராஜெக்ட் இதுதான்.

ஜனவரி 12
முதலில் புரதம் எதுவும் சேர்க்காமல் ஒரு சோதனை. டெசிக்கேட்டர் என்ற காற்றுப்புகா கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் அம்மோனியம் கார்பனேட் தூள், மேல்தட்டில் 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, அதற்குள் படிகம் படிய ஒரு கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடித் துண்டு). தூளிலிருந்து கிளம்பும் வாயுக்கள் மெல்ல மெல்லக் கரைசலுக்குள் இறங்கும். மெக்னீசியத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கடல்நீரில் இருக்கும் மெக்னீசியமே அரகோனைட்டை வரவழைக்கும், பிறகு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜனவரி 13
கற்கண்டு போலக் கூரான சாய்சதுரக் கட்டிகள். அத்தனையும் கால்சைட்.

ஜனவரி 24
முத்தடுக்கை மட்டும் சுரண்டி, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தில் கரைத்துப் புரதத்தைப் பிரித்தேன். அதைச் சேர்த்த கரைசலில் ஒரு படிகம்கூட இல்லை. புரதம்தான் தடுத்துவிட்டது என்று மாலை வரை மகிழ்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: புரதத்தை உள்ளே நிறுத்தி இ.டி.டி.ஏ.வை மட்டும் தண்ணீருக்குள் கசியவிடும் டயாலிசிஸ் பையை ஒரே இரவில் எடுத்துவிட்டேன், மிச்சமிருந்த இ.டி.டி.ஏ. கால்சியத்தை எல்லாம் பிடித்துக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து.

பிப்ரவரி 3
இந்த முறை ஆறு நாள் டயாலிசிஸ், வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றினேன். படிகங்கள் வந்தன! ஆனால் பழைய கூர்மை இல்லை. ஓரங்கள் மழுங்கி, பக்கவாட்டில் குளத்துப் படிக்கட்டு போல வரிவரியாக இருக்கின்றன.

படிகம் வளர்வதே அப்படிப் படிபடியாகத்தான். இந்தப் புரதங்களில் அஸ்பார்டிக் அமிலம் மிகுதி. அதன் எதிர்மின்னேற்றமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் படியோரத்துக் கால்சியத்தில் ஒட்டிக்கொள்ள, அந்தப் பக்கத்து வளர்ச்சி தளர்கிறது. இதில் எனக்குப் பிடிபட வெகுநேரம் ஆன விஷயம் ஒன்று உண்டு. வேகமாக வளரும் முகம் ஓடி ஓடிக் குறுகி மறைந்துவிடும், மெதுவாக வளரும் முகம்தான் கடைசியில் அகன்று நிற்கும். ஆக, புரதம் எந்த முகத்தைப் பிடித்து இழுத்து நிறுத்துகிறதோ அந்த முகமே படிகத்தின் வடிவமாகிறது. சிப்பிப் புரதங்கள் கால்சைட்டின் குறிப்பிட்ட ஒரு முகத்தைத் தேர்ந்து ஒட்டுவதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் லியா அடாடியும் ஸ்டீவ் வைனரும் 1985-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

வடிவம் மாறியது சரி. அரகோனைட் வரவில்லையே?

பிப்ரவரி 10
அதே குழு 1996-இல் செய்த சோதனையை இன்று முழுதாகப் படித்தேன். புரதத்தைக் கரைசலில் மிதக்கவிடவில்லை. கணவாயின் கைட்டின், பட்டுப்புழுவின் பட்டுப்புரதம் இரண்டையும் சேர்த்து ஒரு தளம் அமைத்து, சிப்பிப் புரதத்தை அதில் ஊறவைத்தார்கள். அரகோனைட் அடுக்கிலிருந்து எடுத்த புரதம் அரகோனைட்டை வளர்த்தது, கால்சைட் அடுக்கின் புரதம் கால்சைட்டை. படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 14
அதிகாலை மீன் மார்க்கெட். "ஓட்டுக் கணவாயா, ஊசிக் கணவாயாம்மா?" என்று கேட்டார் அந்த அக்கா. ஊசிதான் வேண்டும். ஓட்டுக் கணவாயின் ஓடே அரகோனைட், அதன் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் முடிவு பொய்யாகிவிடும். எனக்குத் தேவையான கைட்டின் ஊசிக் கணவாயின் உள்முள்ளில் இருக்கிறது. "உள்ள கண்ணாடி மாதிரி ஒரு முள்ளு இருக்கும்லக்கா, அது மட்டும் போதும்." "அத நாங்க தூரத்தான போடுவோம்" என்று சொல்லி, ஒரு பை நிறையக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 27
முள்ளைக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்துக் கழுவி, பட்டுப்புரதத்திலும் சிப்பிப் புரதத்திலும் ஊறவைத்தாயிற்று. மூன்று துண்டில் சிப்பிப் புரதம் உண்டு, மூன்றில் இல்லை. டெசிக்கேட்டரை மூடினேன்.

மார்ச் 6
எக்ஸ்ரே வரைபடம் கைக்கு வந்தது. படிகத்தில் பட்டு எக்ஸ்ரே எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்பதை வைத்து அது எந்தப் படிகம் என்று சொல்லிவிடலாம். புரதம் இல்லாத மூன்றிலும் 29.4 டிகிரியில் கால்சைட் முகடு மட்டும். புரதம் உள்ளவற்றில் இரண்டு அப்படியேதான். மூன்றாவதில் 29.4-க்குப் பக்கத்தில், 26.2-இல் குட்டையாக இன்னொன்று எழும்பி நிற்கிறது. அது அரகோனைட்டின் இடம். மேடத்திடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னும் ஆறு துண்டு போடும்மா" என்றார். பையில் முள் மிச்சமிருக்கிறது.