மன்றத்துக்கு ஒரு வாத்தியார் வேண்டும்

வேடசந்தூர்ப் பக்கம் எந்தக் கிராமத்துக்குள் நுழைந்தாலும் ஒரு இளைஞர் நற்பணி மன்றத்தின் பலகை கண்ணில் படும். நடிகர் பெயரில் இருக்கும், தலைவர் பெயரில் இருக்கும், சில இடங்களில் தெருவின் பெயரிலேயே இருக்கும். பெயர் எதுவானாலும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான். பொங்கலுக்கு உறியடியும் கோலப்போட்டியும், கோடையில் கிரிக்கெட் டோர்னமெண்ட், திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ், அப்புறம் ஒரு ராத்திரி ஆடல் பாடல் நிகழ்ச்சி.

எங்கள் ஊர் மன்றத்துக்கு நான் பொருளாளர். இ-சேவை மையமும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருப்பதால் கணக்கு நோட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. பழைய பக்கங்களைப் புரட்டியபோது எனக்கு மனசே ஆறவில்லை. கலைநிகழ்ச்சி என்று எழுதிச் செலவழித்த பணம் அத்தனையும் மேடைக்கும், சவுண்டு சர்வீசுக்கும், வெளியூர்க் குழுவுக்கும் போயிருந்தது. விடிந்ததும் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அத்தனை செலவிலும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்றுகூட ஒரு அடவு கற்றுக்கொண்டதில்லை.

அதனால் மன்றக் கூட்டத்தில் ஒரு விஷயத்தைப் பேசினோம். ஆடல் பாடலை விட்டுவிட்டு, அந்தப் பணத்தை மாதாமாதம் ஒரு வாத்தியாருக்குச் சம்பளமாகக் கொடுக்கலாம் என்று. திருவிழாவில் கூட்டம் சேராது என்று சிலர் முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு வருஷம் செய்து பார்ப்போம், சரி என்றார்கள்.

பக்கத்து ஊரில் ஒயிலாட்டம் சொல்லித்தருகிற பெரியவர் ஒருவர் இருந்தார். இளவட்டத்தில் பெயரெடுத்த ஆட்டக்காரர், இப்போது மாடு மேய்க்கிறார். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்தார். எங்கள் பையன்கள் எடுத்ததும் சலங்கையைக் கட்டிக்கொண்டு குதிக்கத் தயாராக நின்றார்கள். அவர் சலங்கையைத் தொடவே விடவில்லை. வரிசையில் நிற்கவைத்து, வலது காலை முன்னால் வைத்து எடுப்பதை மட்டும் இருட்டும்வரை செய்யவைத்தார். அப்புறம் ஆளுக்கு இரண்டு துணி கொடுத்தார். மணிக்கட்டைச் சுண்டினால்தான் துணி விரியும். கையை வீசினால் சுருண்டு தொங்கும். இந்த வித்தியாசம் பிடிபடவே வெகுநாள் ஆனது. ஒரு நாள் வரிசை முழுக்க ஒரே தட்டில் துணி விரிந்தது. பாட்டை நிறுத்தாமலே அவர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பறைக்கு ஆசான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை, எங்கள் ஊர்க் காலனியிலேயே இருந்தார். ஆனால் அவரை அழைப்பது அத்தனை சுலபமில்லை. சாவுக்கும், திருவிழாவை ஊருக்கு அறிவிக்கிற சாமிச்சாட்டுக்கும் வந்து அடி என்று தலைமுறை தலைமுறையாக ஊர் அதட்டிக் கூப்பிட்ட வாத்தியம் அது. அந்த அதட்டலுக்குப் பயந்தே எத்தனையோ குடும்பங்கள் பறையைக் கீழே வைத்தன. அவர் மகனும் தொடமாட்டேன் என்று திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அது முழுக்க நியாயம். எனவே மன்றத் தலைவரும் நானும் அவர் வீட்டுக்கே போய், வாசலில் உட்கார்ந்து, சம்பளம் இவ்வளவு, சாவு வீட்டுக்குக் கூப்பிடமாட்டோம், பயிற்சியில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் உங்களை ஆசான் என்றுதான் அழைப்பார்கள் என்று சொன்னோம். அவர் உடனே சரி சொல்லவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றார். மறுபடியும் போனோம்.

முதலில் அவர் அடிக்கச் சொல்லித்தரவில்லை, பறையைப் பற்றிச் சொன்னார். வேப்பமரத்தில் மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து இரும்புப் பட்டையால் பூட்டுவது, கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுப்பது, வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டிக் காட்டித் தோலை முறுக்கேற்றுவது. இடது கையில் நீண்ட மூங்கில் குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. சப்பரத்தடி, டப்பா அடி, ஒத்தையடி என்று அடிவகைகள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு தெருவிலிருந்து சில வீடுகள் பிள்ளைகளை அனுப்பவில்லை. ஒரு வீட்டில் பையனையே நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. அடுத்து 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ அறிவித்த செய்தி வந்தது. எங்கள் பையன்கள் போனை எடுத்துக்கொண்டு ஆசான் வீட்டுக்கு ஓடினார்கள். அந்த வாரம் புதிதாகச் சில பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள்.

கடைக்காரனாக நான் செய்த வேலை ஒன்று உண்டு. இந்த இரண்டு பெரியவர்களிடமும் தாங்கள் கலைஞர்கள் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. 2007இலிருந்து தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று நல வாரியம் இருக்கிறது. மாவட்டந்தோறும் கலை பண்பாட்டுத் துறை வயதுவாரியாக விருது கொடுக்கிறது. 18 வயதுக்குள் கலை இளமணியில் தொடங்கி, 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கலை முதுமணி வரைக்கும். இதெல்லாம் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மன்றத்துப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பழைய திருவிழா நோட்டீஸ்களைத் தேடி எடுத்து வந்தார்கள். மஞ்சள் நோட்டீஸ், ரோஸ் நோட்டீஸ், ஓரமெல்லாம் கரையான் அரித்தது. அதில் 'ஒயிலாட்டம்: குழுவினர்' என்று இருக்கும் இடத்தில் வாத்தியார் விரல் வைத்துக் காட்ட, நான் ஸ்கேன் செய்தேன். கணினி தெரிந்த பிள்ளைகள் இருக்கிற ஒவ்வொரு மன்றமும் இந்த வேலையைச் செய்யலாம், காசு அதிகம் ஆகாது.

அரசு பக்கம் வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஜவகர் சிறுவர் மன்றம் 5 முதல் 16 வயது வரை கலை சொல்லித்தருகிறது, மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் இருக்கின்றன. எல்லாம் டவுனில். சாயங்காலம் வகுப்பு முடிந்து ஊர் திரும்ப எங்களுக்குப் பஸ் கிடையாது. கிராமத்துப் பிள்ளைக்குக் கைக்கெட்டுகிற இடம் மன்றம்தான். ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்தநாளை ஒட்டி நடக்கும் தேசிய இளைஞர் விழாவில் 15 முதல் 29 வயது வரை குழுவாக நாட்டுப்புற நடனம் ஆடலாம். மாவட்டத் தேர்வுக்கு எங்கள் பிள்ளைகள் போனார்கள், தேர்வாகவில்லை. மற்ற ஊர்க் குழுக்கள் ஆடியதை நின்று முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நிறையாது. ஒயிலாட்டம் ஆம்பளைகள் ஆடுவது என்றுதான் ஊரில் பேச்சு. வள்ளி ஒயில் கும்மியில் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவைப் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்ததைச் சொல்லித்தான் வாத்தியாரையே சம்மதிக்கவைத்தோம். அம்மாக்களைச் சம்மதிக்கவைக்க வேறு வழி செய்தோம். பயிற்சியை நேரத்தோடு முடிப்பது, மைதானத்துக்கு லைட் போடுவது, அம்மாக்கள் உட்கார நாற்காலி போடுவது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவரே வரிசைக்கு வந்துவிட்டார், பின்பாட்டும் அவர்தான்.

வருகிற பங்குனித் திருவிழாவில் இரண்டு குழுவும் கோயில் முன்னால் ஆடுகின்றன. பெண்கள் குழுவுக்குச் சலங்கை போதவில்லை. புதிது வாங்க மன்றத்தில் இப்போது பணமும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்துச் சலங்கை கிடந்தால் சொல்லுங்கள், வார் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மணி மட்டும் போதும். நானே வண்டியெடுத்து வந்து வாங்கிக்கொள்கிறேன்.