கொடுவா வந்தது, முடிச்சும் தாங்கியது

ஒருவழியாகக் கொடுவா மீன் தூண்டிலில் கரையேறிவிட்டது. 60 செ.மீ. இருந்தால் அதிகம். ஆனாலும் இரண்டு தூண்டில் நரம்புகளைச் சேர்க்கும் இணைப்பு முடிச்சு இம்மியும் நகரவில்லை. எனக்குப் பெருமை அதில்தான்.

வற்றம் முடியும் தறுவாய். கண்டல் வேர்களுக்கு நடுவே ஓடிவரும் வாய்க்கால் கழிமுகத்தில் சேரும் இடம். நீர் வடிய வடிய, இறாலும் மடவைக் குஞ்சும் அந்த ஒரே வழியாக வெளியேறியாக வேண்டும். கொடுவா வெகுதூரம் துரத்தாது. நிழலில் பதுங்கி நின்று, வாயைத் திறக்கும் வேகத்திலேயே இரையைத் தண்ணீரோடு உறிஞ்சிவிடும். தூண்டில் முள் ஏறியதும் துள்ளித் தலையை உதறும், பிறகு நேராக வேருக்குள் பாயும். அதன் பல் வெறும் அரம். நரம்பை அறுப்பது செவுள் மூடியின் கூர் விளிம்பு. அதனால் முள்ளை ஒட்டிக் கட்டும் தடித்த நரம்பான லீடரில், 50 பவுண்டு இழுவைக்குக் குறைந்ததை நான் தொடுவதில்லை.

அந்தத் தடித்த தங்கூசியை ராட்டையிலிருந்து வரும் மெல்லிய 30 பவுண்டு பின்னல் நரம்போடு சேர்ப்பதற்குள்தான் உயிர் போகிறது. இரட்டை யூனி என்ற முடிச்சு கெட்டிதான். ஆனால் எறியும்போது அதன் புடைப்பு தூண்டில் கோலின் வளையம் ஒவ்வொன்றிலும் இடிக்கும். எஃப்ஜி முடிச்சில் லீடர் மடங்குவதே இல்லை. பின்னல் நரம்பு மட்டும் அதன்மேல் மாறி மாறிச் சுற்றிக்கொள்ளும். 20 சுற்று போடுகிறேன். எண்ணிக்கையைவிட விறைப்பு முக்கியம்: நரம்பு ஒரு நொடி தொய்ந்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும், பிரித்து மறுபடி முதலிலிருந்து! காற்றடிக்கும் கரையில் நின்று போட்டுப் பாருங்கள், தெரியும். நரம்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு லீடரை மட்டும் அசைப்பது எனக்குக் கைவந்திருக்கிறது. பிறகு அரைமுடிச்சுகள் போட்டு, எச்சிலில் நனைத்து, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு சீராக இழுக்க வேண்டும். வெளிறிய பின்னல் கறுத்து, லீடருக்குள் பதிவது கண்ணுக்கே தெரியும். நிறம் மாறாத முடிச்சைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஃப்ளூரோகார்பன் லீடர் கடினமானது, பின்னல் அதில் அவ்வளவு எளிதாகப் பதியாது. எனக்குச் சாதாரண நைலானே போதும்.

பொய்யிரையோடு வரும் மும்முள்ளை (மூன்று கொக்கி சேர்ந்த முள்) பற்றிப் பேசினாலே எரிச்சல் வருகிறது. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், நடுத்தரக் கொடுவாவே அதை நிமிர்த்திவிடுகிறது. வாங்கியதும் கழற்றிவிட்டுத் தடித்த ஒற்றை முள் மாட்டுகிறேன். எடை மாறினால் இரையின் ஆட்டமும் மாறும் என்பதால் தொட்டியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நல்லது. மீனை விடுவிக்கவும் ஒற்றை முள்ளே வசதி.

பிடித்ததை விட்டுவிட்டேன். அநேகமாக ஆண்தான், கொடுவா ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத்தான் பெண்ணாக மாறும். மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் தாய்கள். அவற்றையும் விட்டுவிடுவதே நியாயம்.

அடுத்து இரவில், பாலத்து விளக்கின் நிழல் விழும் ஓரத்தில், உயிர் மடவையும், நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளும். வட்ட முள்ளில் கடி விழுந்ததும் சுண்டி இழுக்கக் கூடாது. என் கைக்கு அந்தப் பொறுமை வருமா என்பதுதான் சந்தேகம்.