பாலைக் குற்றியும் புற்றுமண்ணும்: வன்னியில் நாங்கள் வெட்டிய பங்கர்

பங்கர், அதாவது பதுங்குகுழி, என்றதும் இப்போதைய பிள்ளைகள் சீமெந்துச் சுவர், இரும்புக் கதவு, உள்ளே கட்டில் என்று கற்பனை செய்கிறார்கள். போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கே வன்னியில் சனம் உயிர் தப்பிய பங்கர்கள் அப்படி இருக்கவில்லை. எங்களுடையதில் ஒரு பிடி சீமெந்துகூட இல்லை. 1990இல் அரசுக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு சீமெந்து, இரும்புக் கம்பி, யூரியா, டீசல், டோர்ச் பற்றரி என்று பல சாமான்கள் எங்கள் பக்கத்துக்கு வர அரசின் தடை. காட்டில் கிடைத்த மரம், காலுக்குக் கீழே கிடந்த மண், நிவாரணம் வந்த சாக்கு, இவற்றை வைத்துத்தான் எல்லாம். கையால் செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எப்படிச் செய்தோம் என்பதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாங்கள் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி ஆட்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனோம். அடுத்த ஏப்ரலில் அங்கேயும் சண்டை வர, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்தோம். அக்கராயனுக்கு அப்பால், காடு தொடங்குகிற இடத்தில், அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தன் காணியின் பின்பக்கத்தை இருக்கத் தந்தார். கொட்டில், அடுப்பு, கக்கூசு என்று ஒவ்வொன்றாக வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்திடம் போனபிறகு எங்கள் பக்கம் செல், அதாவது பீரங்கிக் குண்டு, எட்டத் தொடங்கியது. மேலே கிபிர் குண்டுவீச்சு விமானம் வேறு. 1996இல்தான் அந்த விமானம் புதிதாக வந்திருந்தது. பழைய சியாமாசெட்டி சுற்றிச் சுற்றி வந்து ஓட நேரம் தரும். கிபிரின் சத்தம் கேட்கும்போது அது தலைக்கு மேலே நிற்கும்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கோடிக்குள் ஒரு பங்கர் ஏற்கெனவே வெட்டியிருந்தோம். வலிகாமத்தில் கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக் கல் வந்துவிடும், அலவாங்கு போட்டால் நெருப்புப் பறக்கும். அதனால் பாதியை நிலத்துக்குக் கீழேயும் பாதியை மண்மூட்டை அடுக்கி மேலேயும் வைத்து, பனங்குற்றியால் மூடினோம். வயதான பனையின் வெளிப்பக்க வைரம் அவ்வளவு பலம். வன்னிக் காட்டோரத்தில் நிலைமை நேர்மாறு. மண்ணை ஆழமாக வெட்டலாம், ஆனால் பனைக்கு எங்கே போவது?

பக்கத்துக் கொட்டிலில் கிணறு வெட்டுகிற அண்ணை ஒருவர் இருந்தார். அவர்தான் எங்களுக்கு எல்லாம். காணியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, குளத்துப் பக்கம் சரிந்த பகுதியை முதலிலேயே தள்ளிவிட்டார். மாரியில் அங்கே ஊற்று மேலே ஏறும். மேட்டுப் பக்கத்தில் அலவாங்கால் முழங்கை ஆழத்துக்கு ஒரு துளை போட்டு, அடி மண்ணைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தார். கையை விரித்தபோது மண் உதிரவும் இல்லை, விரலில் ஒட்டவும் இல்லை. பிடித்த விரல் தடம் அப்படியே இருந்தது. “இது சுவராய் நிக்கும்” என்றார். உதிர்ந்தால் மணல் அதிகம், பக்கம் சரியும். ஒட்டினால் களி அதிகம், வெயிலில் வெடித்து மழையில் ஊதும்.

பெரிய மரத்தின் கீழே வெட்ட வேண்டுமா, வெளியிலா என்பதில் அப்பாவுக்கும் அவருக்கும் நெடுநேரம் பேச்சு நடந்தது. மரநிழல் மேலே பறக்கிறவனின் கண்ணை மறைக்கும். ஆனால் செல் கிளையில் பட்டால் அங்கேயே வெடித்து, சிதறல் முழுக்கக் கீழ்நோக்கிக் கொட்டும். தரையில் விழுந்த செல்லுக்குக் குப்புறப் படுத்தவன் தப்புவான். மரத்தில் வெடித்ததற்கு மேலே மூடி இல்லாத வெறும் குழி உதவாது. வேரும் ஒரு பிரச்சினை. கடைசியில் கிளை வீச்சுக்கு வெளியே, அடுப்படியிலிருந்து பத்துப் பன்னிரண்டு எட்டில் ஓர் இடம் முடிவானது. வீட்டோடு ஒட்டி வைத்தால் கொட்டில் எரிந்து வாசலில் விழும். தூரத்தில் வைத்தால் ஓடிப்போய்ச் சேர முடியாது. மோட்டர் செல் என்றால் அங்கே ஏவும்போது குத்துகிற சத்தம் முதலில் கேட்கும், கொஞ்சம் நேரம் இருக்கும். தூரத்து ஆட்லறி அப்படிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

அகலத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எல்லோரும் நிம்மதியாகப் படுக்கிற அகலம் வேண்டும். அண்ணை அசையவே இல்லை.

“அகலத்தைக் கூட்டாதேங்கோ அக்கா. அகலம் கூடக்கூட மேல்மரம் வளையும், பக்க மண்ணும் தள்ளும். இடம் காணாதெண்டா நீளத்தைக் கூட்டுவம்.”

மூன்றடி அகலம், ஐந்தரை அடி ஆழம். ட வடிவம், ஒரு கை ஒன்பது அடி, மற்றக் கை ஆறு அடி. முதுகு ஒரு சுவரில் பட, முழங்கால் மற்றச் சுவரைத் தொட உட்காரலாம். பின்னாளில் வேறு இடங்களில் நான் பார்த்த, உள்ளே விழுந்துபோன பங்கர்கள் பலவற்றில் காரணம் இந்த அகலம்தான். நல்ல மரம் போட்டிருப்பார்கள், மண்ணும் போதிய அளவு போட்டிருப்பார்கள், ஆனால் அறை மாதிரி அகலமாக வெட்டியிருப்பார்கள். ஒரு மழைக்காலம் போதும், நடுவில் தொய்ந்துவிடும்.

மரத்துக்குக் காட்டுக்குள் போனோம். பாலை, முதிரை, வீரை மூன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தன. பாலைதான் சரியான வைரம். பச்சை மரத்தில் கோடரி துள்ளும். நாலு பேர் தூக்குகிற குற்றியை வேறு மரமென்றால் இரண்டு பேர் தூக்கலாம். கறையானும் அதில் சுலபமாக ஏறாது. ஆனால் பாலையை வெட்ட அம்மாவுக்கு மனமே இல்லை. பழக்காலத்தில் சனத்துக்கு அந்தப் பழம் ஒரு நேரச் சாப்பாடு. பால் ஒட்டி உதடு பிசுபிசுக்கும் அந்தப் பழத்தைக் கடகம் கடகமாகப் பொறுக்கி வருவார்கள். அதனால் காணி துப்புரவாக்க ஏற்கெனவே விழுத்திக் கிடந்தவற்றையும், நின்றபடி பட்டுப்போனவற்றையும் தேடித் தேடி எடுத்தோம். இதில் அம்மா சொன்னதே சரி. காய்ந்த மரம் சுருங்கி இடைவெளி விடாது, பச்சையைவிடப் பாரமும் குறைவு. அப்படியும் போதாமல் கடைசிப் பகுதிக்கு வீரை போட வேண்டி வந்தது. மாட்டுவண்டி காட்டு விளிம்புவரைதான் வரும். உள்ளேயிருந்து உருளைக் கட்டை வைத்துக் கயிறு போட்டு இழுத்தோம்.

வெட்டுகிற வேலை சிரமதானம்தான். கூலி கேட்கிற நிலையில் யாரும் இல்லை, கொடுக்கிற நிலையிலும் இல்லை. இன்று எங்களுக்கு, நாளை அடுத்த கொட்டிலுக்கு. வேலை செய்தவர்களுக்கு நிவாரண மாவில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் பிளேன்ரீயும். காசு போனது கயிற்றுக்கும் வண்டிக்காரருக்கும் மட்டும். மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் கொட்டச் சொன்னார் அண்ணை. மேல்மண்ணில் வேரும் சருகும் இருக்கும், அது கூரையின் கடைசிப் பூச்சுக்கு. கெட்டியான அடிமண் மூட்டைக்கு. குவியலை விளிம்பிலிருந்து இரண்டு அடிக்கு அப்பால்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாரமே சுவரைத் தள்ளிவிடும். சுவரை நேர்குத்தாகச் செதுக்காமல் மேலே போகப்போகக் கொஞ்சம் வெளியே சரியவிட்டோம்.

கூரை போடும்போது குற்றியின் நுனி குழி விளிம்பில் உட்காரக் கூடாது. விளிம்பு மண்தான் முதலில் நொறுங்கும். அதனால் குழியின் இரு பக்கமும், விளிம்பிலிருந்து ஓர் அடி தள்ளி, நீளமான இரண்டு மரங்களைத் தண்டவாளம் போலப் பாதி புதைத்து வைத்தோம். அவற்றின் மேல் ஏழெட்டு அடிக் குற்றிகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கினோம், அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் மாறி மாறி வருகிற மாதிரி. இடைவெளிகளில் தடியும் வைக்கோலும். அதற்கு மேல் யூ.என்.எச்.சி.ஆர். என்ற ஐ.நா. அகதிகள் அமைப்பு தந்த தறப்பாளில் ஒரு துண்டு. அது கொட்டில் கூரைக்கென்று வந்தது. அப்பா பாதியை வெட்டிப் பங்கருக்குக் கொடுத்தார். தறப்பாளின் மேல் மண் நிரப்பிய உரப்பைகளும் மாச் சாக்குகளும் இரண்டு அடுக்கு, செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறி. பிறகு இரண்டடி மண், நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிவாக. கடைசியில் புல்லுக் கட்டிகளைப் பெயர்த்து வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு மாரியில் பச்சை பிடித்துவிட்டது.

ட வடிவம் அழகுக்கு வைத்தது இல்லை. சிதறல் நேர்கோட்டில்தான் வரும். வாசலுக்கு முன்னால் செல் விழுந்தால் உள்ளே வருகிற இரும்பும் அதிர்வும் அந்த மூலையில் மோதி நிற்கும், இருக்கிறவர்கள் திரும்பிய கைக்குள் இருப்பார்கள். ஒரே வாசல் போதாது என்றும் அண்ணை பிடிவாதமாக இருந்தார். உள் நுனியில் ஓர் ஆள் ஊர்ந்து வெளியே போகிற அளவில் இன்னொரு துளை வைத்தோம். அதுதான் காற்றுக்கும். பங்கருக்குள் செத்தவர்களில் காயமே இல்லாமல் மூச்சடைத்துச் செத்தவர்களும் உண்டு. அதே காரணத்தால் உள்ளே குப்பி விளக்கைக் கொளுத்திக்கொண்டு இருக்க விடமாட்டோம். இறங்கும்போது மட்டும் வெளிச்சம், பிறகு இருட்டு.

உள்சுவருக்குப் புற்றுமண்ணும் சாணமும் குழைத்து அப்பம்மா பூசினார். வீட்டு அடுப்புக்குப் பூசுகிற அதே சேர்மானம். காய்ந்தபிறகு விரலால் சுரண்டினாலும் தூள் கொட்டாது. செல் விழும்போது மேலேயிருந்து கண்ணுக்குள் மண் கொட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அப்பம்மாவுக்கு முழங்கால் மடியாது. “என்னை விட்டிட்டுப் போங்கோ, நான் திண்ணையிலயே கிடக்கிறன்” என்பார். அவருக்காகவே படிகளை அரை அடி உயரத்துக்குள் அடக்கி, ஒவ்வொரு படி நுனியிலும் தடி அறைந்து, பிடித்து இறங்க ஒரு பக்கம் கயிறு கட்டினோம். கீழே அவருக்கென்று ஓர் உரலைக் கவிழ்த்து வைத்தோம். அதற்குப் பிறகு அவர் மறுத்ததே இல்லை. முதியவர் இறங்க முடியாத பங்கர் அந்த வீட்டுக்குப் பங்கரே இல்லை, ஏனென்றால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களும் இறங்கமாட்டார்கள்.

மழைதான் பெரிய எதிரி. வாசலைச் சுற்றி ஒரு முழ உயர வரம்பும், கூரையைச் சுற்றி வாய்க்காலும் போட்டோம். உள்ளே ஒரு மூலையில் சிறு குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை அதில் சேரவிட்டுப் பேணியால் அள்ளினோம். தேங்கவிட்டால் நுளம்பு. மலேரியா அந்த ஆண்டுகளில் வன்னியில் வீடு வீடாக இருந்தது. பாம்பு இன்னொன்று. புடையன் குளிர்ச்சியைத் தேடி வரும். அதனால் ஒவ்வொரு மாலையும் நீண்ட தடியால் மூலைகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. சண்டை இல்லாத நாளிலும் தட்டுவேன்.

ஒரு பின்னேரம் செல் ஒன்று நாங்கள் தவிர்த்துவிட்ட அந்தப் பெரிய மரத்திலேயே பட்டு வெடித்தது. எல்லோரும் உள்ளே, காதைப் பொத்தி வாயைத் திறந்தபடி. வெளியே வந்தபோது கொட்டில் கிடுகெல்லாம் துளை. தண்ணீர்க் குடம் இரண்டாகக் கிடந்தது. பங்கர் கூரைப் புல்லில் கை நீளத்துக்கு ஒரு கீறல். அதைக் கிண்டிப் பார்த்தோம். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு மேல் அடுக்கு மூட்டைக்குள் நின்றிருந்தது, சாக்கு கருகி மணத்தது. அடியில் இருந்த தறப்பாள் கிழியவில்லை. அண்ணை வந்து பார்த்து, அந்த மூட்டையை மட்டும் மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

நேராக மேலே விழுகிற குண்டுக்கு இந்தப் பங்கர் தாங்காது. அதை யாரும் மறைத்ததில்லை. குடும்பத்தோடு பங்கருக்குள்ளேயே மூடுண்டு போனவர்கள் இருக்கிறார்கள். சிதறலுக்காகத்தான் இத்தனை பாடும். செல்லடியில் சனத்தைக் கொன்றதில் பெரும்பங்கு சிதறல்தான்.

2009 தொடக்கத்தில் மாத்தளன் கரையில் எங்களிடம் பாலையும் இல்லை, அண்ணையும் இல்லை. கடற்கரை மணல் இடுப்பளவு வெட்டினாலே சரியும், அதற்குள் தண்ணீரும் வந்துவிடும். சாக்கு தீர்ந்து சேலைகளை வெட்டி மூட்டையாகத் தைத்தோம். நைலெக்ஸ் நின்றது, பருத்தி மண் பாரத்துக்குக் கிழிந்தது. அம்மா தன் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். பலருக்கு மேல்மூடி போடத் தென்னங்குற்றிகூட அகப்படவில்லை. அங்கே நடந்ததைப் பற்றி எழுத வேண்டியது நிறைய. அதை இன்னொரு முறை எழுதுகிறேன்.

மீள்குடியேறியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பங்கர்கள் இன்னும் பல காணிகளில் பற்றைக்குள் கிடக்கின்றன. பாலைக்குற்றி உறுதியாகத் தெரியும், ஆனால் நடுவே போட்ட வீரையும் தடியும் உக்கியிருக்கும். மாடு மிதித்தாலே உள்ளே போகும். வாசல் வழியாக இறங்க வேண்டாம், பிள்ளைகளை விடவே வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடித்த காணிதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். உள்ளே வெடிக்காத எதுவும் தெரிந்தால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டு அறிவியுங்கள். அது இல்லையென்று தெரிந்த பிறகு, மேல்மண்ணை வெளிப்பக்கத்திலிருந்து வாரி எடுத்து, குற்றிகளை ஒரு நுனியிலிருந்து கயிறு போட்டு இழுத்துக் கழற்றுங்கள். குழியை அடிமண்ணால் அடுக்கடுக்காக மிதித்து மூடுங்கள். இழுத்தெடுத்த பாலையில் பாதிக்கு மேல் இன்னும் வேலிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் உதவும்.