பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறதா? ஆசிடைத் தொடாதீர்கள்

குளிக்கும்போது தண்ணீர் வடியாமல் காலடியில் நிற்கிறதென்றால், அடைப்பு பெரும்பாலும் தண்ணீர் போகும் ஓட்டையை மூடியிருக்கும் ஜாலிக்கு (சல்லடைத் தட்டுக்கு) ஒரு சாண் கீழேதான். ஸ்க்ரூடிரைவரால் ஜாலியை நெம்பி எடுங்கள். பல வீடுகளில் அதற்குக் கீழே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும், அதையும் தூக்குங்கள். தலைமுடியும் சீயக்காய்த் தூளும் சோப்புப் பிசுக்கும் சேர்ந்து சாம்பல் நிறக் களியாக அப்பியிருக்கும். போர் தண்ணீர் என்றால் உப்பு சேர்ந்து இன்னும் கெட்டியாக இருக்கும்.

கையுறை போட்டு வழித்தெடுங்கள். குழாய்க்குள் இருப்பதை நுனி வளைத்த கட்டுக்கம்பியால் சுழற்றி இழுங்கள். உள்ளே தள்ளவே கூடாது. பிறகு ஒரு வாளி வெந்நீரை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். கைபொறுக்கும் சூடு போதும், கொதிநீர் பிவிசி குழாயை இளக்கிவிடும்.

பாத்ரூம் ஆசிட் முடியைக் கரைக்காது, டைல்ஸ் இடுக்குச் சிமெண்டைத்தான் அரிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

கிண்ணத்தை மறக்காமல் திரும்ப வையுங்கள். அது இல்லாவிட்டால் நாற்றமும் கரப்பானும் மேலே வந்துவிடும்.