புறாமலையில் இரண்டு நங்கூரம்

போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலைப் பக்கத்துப் புறாமலைத் தீவில் பூங்காக் காவலர்கள் எங்கள் வள்ளத்துக்குத் தண்டம் போட்டார்கள். பணம் பெரிதில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைப் போட்டுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கொழுந்தனின் கூட்டாளி வள்ளம் தந்திருந்தார். மாமி, பிள்ளைகள், கட்டுச்சோறு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நிலாவெளிக் கரையிலிருந்து கிளம்பினோம். ஒரு கிலோமீட்டர்தான். நங்கூரத்தை மணலில்தான் போட்டோம். காற்று திரும்பி வள்ளம் நகர்ந்ததில் கயிறு முருகைக்கல்லில், அதாவது பவளத்தில், உரசிவிட்டது. எங்கள் பிழைதான். ஆனால் இருபது அடி தள்ளி, விருந்தாளிகளோடு வந்த அந்த உல்லாசப் போட் உயிருள்ள மான்கொம்புப் பவளத்தின் மேலேயே நங்கூரத்தை இறக்கியிருந்தது. நாலைந்து பேர் அந்தப் பவளத்தில் ஏறி நின்று படம் எடுத்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு; முறிந்த கொப்புகள் மேலிருந்தே தெரிந்தன.

எனக்குச் சிங்களம் இன்னும் பிடிபடவில்லை. கொழுந்தன் அந்தப் போட்டைக் காட்டிக் கேட்டார். வந்த பதிலை அவரே சொன்னார்: "எங்கட அலுவலைப் பாக்கட்டாம், அண்ணி."

நான் பாம்பன்காரி. மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவரைக் கட்டிக்கொண்டேன். அவர் ஊர் திரும்பியபோது கூடவே திருகோணமலைக்கு வந்தேன். நாலு வருடமாயிற்று. படகு வள்ளமாகிவிட்டது, பேச்சு கதையாகிவிட்டது. மாமி "வடிவாச் சாப்பிடு பிள்ளை" என்றால் வயிறு நிறையச் சாப்பிடு என்று அர்த்தம். அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம். இதுதான் என் ஊர் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் தண்டச் சீட்டைக் கையில் வாங்கியதும் நான் பாம்பன் கரையில்தான் நின்றேன்.

அம்மா கடல்பாசி எடுக்கிறவள். விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் வலைப்பை கட்டி இறங்குவாள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. பாசி மறுபடி வளரட்டும் என்று, மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என அந்தப் பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவளின் சாக்கைத்தான் காவலர்கள் ஒருநாள் பிடுங்கி, ஈரப்பாசியை மணலில் கொட்டினார்கள். அன்றைக்கு எனக்குப் பத்து வயது. அதே தீவுப் பக்கம் இழுவைப் படகுகள் போய்வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் சட்டமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புறாமலை 1963-இல் சரணாலயமானது, 2003-இல் தேசியப் பூங்காவானது. அது வேண்டியதுதான். மூளைப் பவளம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு நங்கூரம் ஒரு நொடியில் உடைப்பதை வளர்த்தெடுக்க ஒரு தலைமுறை போதாது. எந்தப் போட்டும் மிதவையில்தான் கட்ட வேண்டும், யார் தவறினாலும் அதே சீட்டு என்று வையுங்கள். நாங்கள் முதல் ஆளாகக் கட்டுவோம். வள்ளத்தின் அளவைப் பார்த்துச் சட்டம் பேசினால் பவளத்துக்குத்தான் கேடு.

இரவு அம்மாவுக்குப் போன் போட்டேன். தண்டம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

"பவளப்பாரு உடைஞ்சிருச்சாடி?"

"எங்க கயித்துல கொஞ்சம் உரசுச்சும்மா. அந்தப் போட்டுலதான் நெறைய."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவள் பக்கம் காற்று இரைவது கேட்டது. அப்புறம் கேட்டாள்:

"அங்க பாசி கெடக்கா?"