அம்மாவுக்காக விரூபாட்ச குகையில்

திருவண்ணாமலை மலையில் இருக்கும் விரூபாட்ச குகையில் ஒருமுறையாவது கண்மூடி உட்கார வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "எனக்காக நீ போய் உட்கார்ந்துவிட்டு வா" என்றாள். அண்ணாமலையாரே இட்ட உத்தரவாக அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் இன்னும் கலையவில்லை. பெரிய கோயில் வரிசையில் நிற்கும்போதே, பணம் கொடுத்தால் உடனே தரிசனம் என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். சாமியை வைத்துத் தரகு பேசுகிறவர்களைத் தட்டிக் கேட்க யாருமே இல்லையா? வயிறு எரிந்தது. சந்நிதியில் நிற்க விட்டது ஒரு நொடி. அந்த நொடியில் தீபாராதனை கிடைத்தது அவன் கருணை.

ரமணாசிரமத்தின் பின்புறம் ஏறி, கந்தாசிரமத்தில் வணங்கிவிட்டு, கரடுமுரடான கல்பாதையில் இறங்கினேன். பகவான் ரமணர் 1899 முதல் 1916 வரை இருந்த விரூபாட்ச குகை. கேட்டவர்களுக்கு எழுதிக் காட்டியே உபதேசித்த மௌனம் அங்கே நடந்தது.

உள்ளே இருட்டு, புழுக்கம். குகைக்குப் பெயர் தந்த துறவி விரூபாட்ச தேவரின் சமாதி முன் உட்கார்ந்தேன். கீழே ஊரிலிருந்து பஸ் ஹாரன் ஏறி வந்தது. மனமோ அந்தத் தரகரோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அடக்க அடக்கத் துள்ளியது. எண்ணத்தை விரட்டாதே, அது யாருக்கு எழுந்தது என்று பார் என்பதல்லவா பகவான் காட்டிய வழி? பார்த்தேன். கோபம் யாருக்கு? எனக்கு. அந்த 'நான்' எங்கே? தேடிப் போன இடத்தில் கோபத்தைக் காணோம். அடுத்து அம்மாவின் முழங்கால் நினைவுக்கு வந்தது. இந்தக் கவலை யாருக்கு? அதுவும் தளர்ந்தது.

பிறகு வந்ததை எப்படிச் சொல்வது! கழுத்தில் வியர்வை வழிவது தெரிந்தது. துடைக்கக் கை எழவில்லை. ஹாரன் கேட்டது, அதைத் தொடர்ந்து எண்ணம் எழவில்லை. தூக்கமில்லை, தூக்கத்தில் இந்தத் தெளிவு ஏது? அம்மாவுக்காக உட்கார வந்தவன் என்ற நினைப்புகூட இல்லை. உட்கார்ந்தது நானா, அவளா? இருப்பது மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. கண் திறந்தபோது கன்னம் நனைந்திருந்தது. என்ன தவம் செய்தேன் இதற்கு? பெற்றவளின் ஆசையைச் சாக்காக வைத்து என்னையும் இழுத்துக்கொண்டாயே, அருணாசலா! அவள் முழங்கால் ஏறாத மலையை அவள் பிள்ளையைக் கொண்டு ஏறவைத்தாயே, அப்பா! அண்ணாமலைக்கு அரோகரா!